புள்ளியம்மாவும் பதினேழாம் பக்கமும்

என் சித்தியின் பணிப்பதிவேட்டில் பதினேழாம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருக்கிறது. "எண் அறிவு போதாது. அடுக்குப் பணியில் அமர்த்த வேண்டாம்." கீழே ஒரு கையெழுத்து, தேதி, வட்ட முத்திரை. அதற்குப் பக்கத்தில் "படித்து அறிந்தேன்" என்று அச்சடித்த ஒரு கட்டம். சித்தி கையெழுத்துப் போட வேண்டிய இடம் அது. பதினோரு ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது.

சித்தி இறந்து நான்கு மாதம் ஆகிறது. அந்த வரியை அழித்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மூன்று நாள் காய்ச்சல் அதற்கு முன்னால் வந்துவிட்டது. அவள் போய்விட்டாள், வரி மட்டும் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. அவள் யார், என்ன நடந்தது என்று யாராவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தாள். நகர நூலகத்தில் உதவியாளர் வேலை. பெயர்தான் உதவியாளர். வாசகர்கள் திருப்பித் தரும் புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மூன்று மாடியிலும் அதனதன் இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். காலையில் ஒரு வண்டி, மதியம் இரண்டு, மாலையில் ஒன்று. நூலகத்திலேயே சம்பளம் குறைந்த வேலை அதுதான். ஆனால் அவள் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

புத்தகத்தின் முதுகில் ஒரு சிறிய சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதில் உள்ள எண் அந்தப் புத்தகத்தின் முகவரி. எங்கள் நூலகத்தில் 616 என்றால் நோய்கள். 616.1 இதயமும் இரத்தக் குழாய்களும். 616.2 மூச்சு உறுப்புகள். 616.8 நரம்பு. 616.9 தொற்றுநோய்கள். இதயத்தைப் பற்றி மட்டும் பேசுகிற புத்தகம் என்றால் 616.12. இப்போது கேள்வி: 616.12 எங்கே நிற்க வேண்டும்? ஒன்பதுக்குப் பிறகா, ஒன்றை ஒட்டியா?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சித்தி அதை ஒன்பதுக்குப் பிறகுதான் வைத்தாள். இதை அவள் ஒளித்ததே இல்லை. பன்னிரண்டு ஒன்பதைவிடப் பெரிது, எனவே கடைசியில் நிற்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் மலேரியாப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இதயப் புத்தகம் நிற்பது அவளுக்கு உறுத்தியது. உள்ளே இருக்கும் படங்களைப் பிரித்துப் பார்த்தாள். மற்ற இதயப் புத்தகங்கள் எல்லாம் அலமாரியின் மறுமுனையில் இருந்தன. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த அலமாரி முழுவதையும் சீட்டுச் சீட்டாகப் பார்த்தாளாம். அன்று தள்ளுவண்டி அப்படியே நின்றது, திட்டும் வாங்கினாள்.

"பன்னிரண்டுன்னு படிச்சேன் பாரு, அங்கதான் கோட்டை விட்டேன்" என்று பிறகு அம்மாவிடம் சொன்னாள். "அது பன்னிரண்டே இல்லக்கா. முதல்ல ஒண்ணு, அதுக்குள்ள ரெண்டு. மூத்தவனோட ரெண்டாவது பிள்ளை. பேரனைக் கொண்டுபோய் ஒன்பதாவது மகனுக்குப் பக்கத்துல நிக்க வச்சு, இவன் உனக்குத் தம்பிடான்னா அவன் அடிக்க வர மாட்டானா?"

"ஒன்பது பிள்ளை பெத்தவளை நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு" என்றாள் அம்மா.

பள்ளியிறுதித் தேர்வில் சித்தி கணக்கில் வாங்கியது முப்பத்தெட்டு. ஆனால் புள்ளிக்கு வலப்பக்கம் நடப்பது அவளுக்குப் புரிந்த அளவுக்கு எனக்குக் கல்லூரியில்கூடப் புரிந்ததில்லை. முதல் இடம் பத்தில் ஒரு பங்கு. அடுத்த இடம் அந்தப் பங்கிலும் பத்தில் ஒரு பங்கு. அதற்கடுத்தது இன்னும் சிறியது. வலப்பக்கம் எத்தனை இலக்கம் நீண்டாலும், முதல் இடத்தில் நிற்பவன் சொல்வதுதான் முதலில் எடுபடும். அவன் சமமாக இருந்தால்தான் அடுத்தவனிடம் போக வேண்டும். 616.462 என்ற நீரிழிவுப் புத்தகம் மூன்று இலக்கம் நீண்டிருக்கிறது என்பதற்காக 616.8-ஐத் தாண்டிவிட முடியாது. நான்கு எட்டுக்கு முன்னால்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சித்தியோடு வெளியே போவது பெரும்பாடாகிவிட்டது. துணிக்கடையில் "ரெண்டு புள்ளி இருபத்தஞ்சு மீட்டர்" என்று யாராவது சொன்னால் போதும். "இருபத்தஞ்சு இல்லைங்க, ரெண்டு அஞ்சு" என்பாள். வானொலியில் ஓட்டப்பந்தய நேரத்தை "ஒன்பது புள்ளி எழுபத்தொன்பது" என்று வாசித்தால் சாப்பிடுகிற கை நின்றுவிடும்.

"அவன் என்னமோ சொல்லிட்டுப் போறான். உனக்கு எங்க வலிக்குது?" என்பாள் அம்மா.

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஒன்பது புள்ளி எட்டைவிட இது பெருசுன்னு நெனச்சுக்கறாங்க. ஓடினவன் பாவம், ஜெயிச்சும் தோத்துடுவான்."

நூலகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர். அவள் அதைப் பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

பதினெட்டு வருடம் இப்படிப் போனது. அதன் பிறகுதான் தலைமை அலுவலகத்திலிருந்து இருப்புச் சரிபார்ப்புக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல உயரம். வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்துதான் உள்ளே வருவார். சித்தி அன்று மாலையே அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர் வைத்துவிட்டாள். அவரோடு இரண்டு எழுத்தர்கள். அவர்கள் கையில் கணினியில் எடுத்த புதிய பட்டியல்.

அந்தப் பட்டியலில்தான் விஷயமே இருந்தது. அதைத் தயாரித்தவர்கள் புத்தக எண்ணை இரண்டாக வெட்டியிருந்தார்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பது ஒரு கட்டத்தில், பின்னால் இருப்பது இன்னொரு கட்டத்தில். கணினி இரண்டாவது கட்டத்தை முழு எண்ணாக எடுத்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, பதின்மூன்று, நானூற்று அறுபத்திரண்டு என்று வரிசைப்படுத்தித் தந்துவிட்டது. கணினியைச் சொல்லிக் குற்றமில்லை. அதனிடம் அப்படிக் கொடுத்தால் அது வேறென்ன செய்யும்? அதை வாங்கிப் பார்த்த மனிதர்களைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு எழுத்தர் பட்டியலை வாசிப்பார், மற்றவர் அலமாரியில் விரல் வைத்துத் தேடுவார். அடுத்து வர வேண்டியது அடுத்து இல்லையென்றால், வழியில் நிற்கும் புத்தகத்தை உருவித் தரையில் வைத்து "இடம் மாறியது" என்று குறிப்பார். காலை பத்து மணிக்குத் தொடங்கினார்கள். பதினொன்றரைக்குள் இரண்டாவது மாடித் தரையில் முழங்கால் உயரத்துக்குப் புத்தகம் குவிந்துவிட்டது. சித்தி வண்டியோடு மேலே வந்தபோது அதைத்தான் பார்த்தாள்.

"என்ன சார் இது? எல்லாத்தையும் கீழ போட்டிருக்கீங்க?"

"போட்டது நாங்க இல்லம்மா. தப்புத் தப்பா வச்சது நீங்க" என்றார் அதிகாரி. "ஒன்பதுக்கு அப்புறம் பன்னிரண்டு எங்க?"

"அது பன்னிரண்டு இல்ல சார், ஒண்ணு ரெண்டு. 616.1-ஐ ஒட்டி இருந்திருக்கும். இதோ, நீங்க உருவிப் போட்டதுல மேலயே கிடக்குது பாருங்க."

"பன்னிரண்டு ஒன்பதுக்கு முன்னாடியா வரும்? எந்த ஊர்க் கணக்கு இது?"

"எல்லா ஊர்லயும் இதுதான் சார் கணக்கு."

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது."

"கணக்குல எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

"புள்ளி ஒண்ணும் இல்லையா?" என்று எழுத்தர்களில் ஒருவர் கேட்டார். மூவரும் சிரித்தார்கள்.

அப்போது அங்கே இன்னொருவரும் நின்றார். அன்றைய தலைமை நூலகர். நூலகவியலில் பட்டம் வாங்கியவர். 616.12 எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்த மனிதர். தெரியாமல் செய்த அந்த மூவரைக்கூட என்னால் ஒரு பக்கம் மன்னித்துவிட முடியும். இவரை முடியாது.

அன்று மாலை சித்தி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று எதிர்ச் சுவரில் போய் மோதியது.

"யாரை நெனச்சு அடிச்ச?" என்றாள் அம்மா.

"முந்நூத்து நாப்பத்தேழு புத்தகம்க்கா. முந்நூத்து நாப்பத்தேழையும் தப்பான இடத்துக்கு மாத்திட்டு, இப்பத்தான் ஒழுங்கா இருக்குன்னு கையைத் தட்டிக்கிட்டுப் போறாங்க."

"உனக்கென்ன, வேலை மிச்சம்னு விடேன்."

"நாளைக்கு ஒருத்தன் நெஞ்சு வலின்னு வந்து புத்தகம் தேடினா மலேரியாவைத் தாண்டிப் போய்த் தேடணுமா? அவனுக்கு யாரு வழி சொல்றது?"

"மொதல்ல அவன் டாக்டர்கிட்டப் போகட்டும். நீ கையைக் கழுவிட்டு வா."

சித்தி சிரித்தாள், ஆனால் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முந்நூற்று நாற்பத்தேழு நூல்களை இடம் மாற்றி அடுக்கியது ஏன்? சித்தி நான்கு பக்கம் எழுதினாள். மூத்தவன், பேரன் எல்லாம் அதில் இருந்தது. நான்தான் படி எடுத்துக் கொடுத்தேன். அந்த நான்கு பக்கத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நேரில் வரச் சொன்னார்கள்.

விசாரணை அறையில் நடந்ததைச் சித்தி என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அவள் இறந்த மறுநாள் வீட்டுக்கு வந்த ஒரு தட்டச்சர் அம்மாதான் சொன்னார். அன்று குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தவர். எங்கள் கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

நீண்ட மேசை. அதிகாரி நடுவில். சித்தியை நிற்க வைத்தே கேட்டார்களாம். கடைசியில் "சொல்றதுக்கு வேற ஏதாவது இருக்கா?" என்றார் அதிகாரி.

"ஒரே ஒரு கேள்வி சார். உங்க உயரம் எவ்வளவு?"

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க சார்."

அவருக்குத் தன் உயரத்தில் பெருமைதான். "ஒண்ணு புள்ளி ஒன்பது மீட்டர்" என்றார்.

"போன மாசம் எங்களுக்கு உடல் பரிசோதனை நடந்தது. என் அட்டையில ஒண்ணு புள்ளி அம்பத்திரண்டு மீட்டர்னு போட்டிருக்கு. உங்க கணக்குப்படி அம்பத்திரண்டு ஒன்பதைவிடப் பெருசு. அப்ப நான்தான் உங்களைவிட உயரம். கொஞ்சம் எந்திரிச்சு வாங்க சார், பக்கத்துல நின்னு பார்த்துடுவோம்."

சித்தியின் தலை அவருடைய தோளைக்கூடத் தொடாது. தட்டச்சர் அம்மாவால் அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்துவிட்டது.

"நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார் என்னிடம். "அவருக்கு அந்த நொடியில விளங்கிடுச்சு. மூஞ்சியிலயே தெரிஞ்சுது. பட்டியலைத் திருப்பிப் பார்த்தாரு. நான் சிரிக்காம இருந்திருந்தா, சரிம்மா போங்கன்னு விட்டிருப்பாரோ என்னமோ. நான் சிரிச்சதும் காது வரைக்கும் செவந்துடுச்சு. அப்புறம்தான் செவப்புப் பேனாவைக் கேட்டாரு."

அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பதினோரு வருடமாக அதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று என்னைத் தூங்க விடுவதில்லை. அதிகாரிக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு எழுதினார். தன் பட்டியல் தவறு என்று தெரிந்துகொண்டே, தவற்றைச் சுட்டிக்காட்டியவளின் பெயருக்கு நேராக "எண் அறிவு போதாது" என்று எழுதி, முத்திரையும் குத்தினார். "பணிவு போதாது" என்று எழுதியிருந்தால்கூட அதில் பாதியாவது உண்மை இருந்திருக்கும். சித்தியே அதற்குக் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"கையெழுத்துப் போடுங்க. படிச்சேன்னுதான் அர்த்தம், ஒத்துக்கிட்டேன்னு இல்ல" என்று சொன்னார்களாம்.

"தப்பா இருக்கற வரிக்குப் பக்கத்துல என் பேரு நிக்காது சார். அது அதோட இடம் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் முதல் அவளுக்கு வாசல் வேலை. வாசகர்களின் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்க வேண்டும். ஒன்று முதல் நூற்றிருபது வரை தகரத்தில் வெட்டிய டோக்கன்கள். "இங்க புள்ளியே கிடையாது, நிம்மதி" என்பாள். நிம்மதியாக இருந்தவள் சொல்கிற மாதிரி இருக்காது.

மேலே அலமாரிகள் தலைகீழாகக் கிடந்தன. புதிதாக வந்த புத்தகங்களைச் சிலர் பழைய முறையிலும் சிலர் பட்டியல் முறையிலும் வைத்தார்கள். வாசகர்கள் வெறுங்கையோடு இறங்கி வருவார்கள். ஒரு நாள் மதியம் ஒரு மனிதர் டோக்கனைத் திருப்பிக் கொடுக்கும்போது, மனைவிக்கு இதயத்தில் ஏதோ வால்வு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள், அதைப் பற்றிப் படிக்க வந்தேன், ஒரு புத்தகம்கூட இல்லையாம் என்று புலம்பினாராம்.

"யாரு இல்லைன்னு சொன்னது?"

"மேல இருக்கற தம்பிதான். 616.1-க்குப் பக்கத்துல பார்த்துட்டு இல்லைன்னுட்டாரு."

"பதினாலு புத்தகம் இருக்குங்க. திரும்ப மேல போங்க. 617-னு ஒரு அலமாரி இருக்கும். அதுக்கு முன்னாடி, கடைசித் தட்டுல, கூட்டத்துல வழி தவறின பிள்ளைங்க மாதிரி மொத்தமா நிக்கும். அதுல நாலாவதை எடுங்க, படம் நல்லா இருக்கும்."

அவர் புத்தகத்தோடு இறங்கி வந்து, நீங்கள் ஏன் மேலே வேலை செய்யவில்லை என்று கேட்டாராம். "எனக்கு எண் தெரியாதுங்க" என்றாளாம் சித்தி.

இரண்டு வருடம் கழித்து, காலியாகக் கிடந்த பதவிக்குப் புதிய தலைமை நூலகர் வந்தார். நேர்மையானவர், ஆனால் பயந்த சுபாவம். புகார்கள் குவிவதைப் பார்த்து ஒரு நாள் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டார். பதிவேட்டில் அப்படி எழுதியிருப்பதால் அதிகாரபூர்வமாக மேலே அனுப்ப முடியாது, ஆனால் நூலகம் திறக்கும் முன்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றாள். "பேரைக் கெடுத்தவங்களுக்கு ஓசியில வேலை பார்க்கப் போறியா? ரோசமே இல்லையா உனக்கு?"

"புத்தகம் என்னக்கா பண்ணுச்சு?" என்றாள் சித்தி.

ஏழு மாதம் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போனாள். மூன்று மாடியும் ஒழுங்குக்கு வந்தது. அந்த வருட அறிக்கையில் ஒரு பத்தி வந்தது: "தலைமை அலுவலகத்தின் வழிகாட்டுதலில் அடுக்குமுறை சீரமைக்கப்பட்டது. வாசகர் புகார்கள் பெருமளவு குறைந்தன." வழிகாட்டியவர் என்று கொடிக்கம்பத்தின் பெயர் அச்சாகியிருந்தது. சித்தி அதை வெட்டி எடுத்துத் தன் மனுவோடு இணைத்து அனுப்பினாள். அலமாரியைப் பழையபடி மாற்றியது சரி என்றால், பழையபடி வைத்திருந்த நான் எப்படித் தவறு? இரண்டு வரிக் கேள்வி. ஐந்து முறை அனுப்பினாள். ஐந்து முறையும் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. பரிசீலிக்க அதில் என்ன இருக்கிறது? ஒன்று ஒன்பதுக்கு முன்னால் வரும். அதைப் பரிசீலிக்க எட்டு வருடமா?

கடைசிக் காய்ச்சலில் நான் வெப்பமானியைப் பார்த்து "முப்பத்தொன்பது புள்ளி நாலு" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "ஒரே ஒரு இடம்தானே? தப்பாப் படிக்க வழியில்ல" என்றாள். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் தண்ணீர் கேட்டதுதான்.

போன வாரம் நூலக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பணிப்பதிவேட்டின் சுருக்கம் தயாராகிவிட்டது, வாரிசுகளில் ஒருவர் வந்து சரிபார்த்துக் கையெழுத்திட்டால் கோப்பை முடித்துவிடலாம் என்று. அம்மாவால் மாடிப்படி ஏற முடியாது. அவள் எழுதிக் கொடுத்த ஒப்புதல் கடிதத்தோடு நான் போனேன்.

அலுவலக எழுத்தர் இளைஞர். மரியாதையாக நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். "புள்ளியம்மா ரொம்ப நல்லவங்க மேடம். என் பையில சாப்பாட்டு டப்பா சாய்ஞ்சிருந்தாக்கூட நிமிர்த்தி வைப்பாங்க" என்றார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

முதல் வரி பெயர். இரண்டாவது பதவி. மூன்றாவது: மொத்தப் பணிக்காலம், 28.11 ஆண்டுகள்.

நான் இரண்டு முறை படித்தேன்.

"இது என்ன தம்பி?"

"இருபத்தெட்டு வருஷம் பதினோரு மாசம் மேடம்."

"பதினோரு மாசம்னா கிட்டத்தட்ட ஒரு வருஷம். புள்ளி ஒண்ணு ஒண்ணுன்னா நாற்பது நாள். இருபத்தொன்பது வருஷத்துக்கு ஒரு மாசம்தானே குறைச்சல்? நீங்க இருபத்தெட்டு வருஷமும் நாற்பது நாளும்னு போட்டிருக்கீங்க."

"இல்ல மேடம், நாங்க எப்பவும் இப்படித்தான் எழுதுவோம். வருஷம், புள்ளி, மாசம்."

"சரி. பத்து மாசம்னா எப்படி எழுதுவீங்க?"

"இருபத்தெட்டு புள்ளி பத்து."

"ஒரு மாசம்னா?"

"இருபத்தெட்டு புள்ளி ஒண்ணு."

"கடைசியில வர்ற பூஜ்யத்துக்கு என்ன மதிப்பு?"

அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் 28.1 என்று எழுதினார். கீழே 28.10 என்று எழுதினார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ஏற ஆரம்பித்த நிறத்தைப் பார்த்ததும், விசாரணை அறையில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் இந்தப் பையன் அந்த மனிதர் மாதிரி இல்லை. "எல்லாரோட ஃபைல்லயும் இப்படித்தான் மேடம் இருக்கு" என்று மெல்லச் சொன்னார்.

"நீங்க புள்ளியை வெறும் வேலியா வச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் வருஷம், இந்தப் பக்கம் மாசம்னு பிரிச்சுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஆண்டு, மாதம்னு எழுத்துல எழுதிட்டா யாருக்கும் குழப்பம் வராது. ஆனா புள்ளியை வேலின்னு நெனச்சுக்கிட்டிருக்கற ஆபீஸ், அதை எண்ணாப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தியைப் பார்த்து எண் தெரியாதவன்னு எழுதலாமா? பதினேழாம் பக்கத்தை எடுங்க."

எடுத்தார். சிவப்பு மை மங்கவே இல்லை.

"இதை அடிக்கணும்" என்றேன்.

"அது என் கையில இல்ல மேடம். தலைமை அலுவலகம்தான் பண்ணணும். இறந்தவங்க பதிவேட்டுல குறிப்பை மாத்த விதி இல்லைன்னு சொல்லுவாங்க. வருஷத்தை வேணா இப்பவே எழுத்துல திருத்திடறேன்." சொன்னபடியே அடித்துவிட்டு, "இருபத்தெட்டு ஆண்டுகள், பதினோரு மாதங்கள்" என்று அழகாக எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். "இப்ப சரியா மேடம்? இங்க ஒரு கையெழுத்து. படிச்சு அறிந்தேன்னுதான் அர்த்தம்."

இறந்தவர்களுக்கு விதி இல்லையாம். உயிரோடு இருந்தபோது ஐந்து மனு கொடுத்தாளே, அப்போது எந்த விதி தடுத்தது? பதினோரு மாதத்தைத் திருத்த அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு வருடத்தைத் திருத்த யாருக்கும் கை வரவில்லை.

"கையெழுத்து போடலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கோப்பை மூட முடியாது மேடம். தணிக்கைக்கு வர்றவங்க ஒவ்வொரு தடவையும் ஏன் மூடலைன்னு கேப்பாங்க."

"கேட்டா என்ன செய்வீங்க?"

"பதினேழாம் பக்கத்தைக் காட்டி விளக்கம் சொல்லணும்."

"எப்படிச் சொல்வீங்க?"

அவர் ஓரத்தில் தான் எழுதியிருந்த 28.1, 28.10 இரண்டையும் விரலால் தொட்டார். "இப்ப சொல்லத் தெரியும் மேடம்" என்றார்.

பேனாவை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். "மூட வேண்டாம் தம்பி. திறந்தே இருக்கட்டும்."

சித்தியின் கட்டத்தைப் போலவே, சுருக்கத் தாளில் எனக்கும் இப்போது ஒரு காலிக் கட்டம் இருக்கிறது. அந்தக் கோப்பு அவருடைய மேசையில், இடது ஓரத்தில், மற்றவற்றுக்கு மேலே கிடக்கிறது. அடுத்த மாதம் தணிக்கை.